தள்ளுகூரை வான்நோக்கு அறை: எதற்குப் பிறகு எதை வரைய வேண்டும்

தோட்டத்தில் தொலைநோக்கிக்கு, கூரையைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஓர் அறை கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடுதான் வருகிறார்கள். நான்கு சுவர், மேலே முக்கோணக் கூரை, பக்கவாட்டில் நீளும் இரண்டு கம்பி. அந்தப் படத்தில் தொலைநோக்கி மட்டும் இருக்காது. பிறகு எப்படியும் உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

கூரை கடைசியாக வரைய வேண்டியது. தொலைநோக்கி எங்கே நிற்கிறது, எந்த உயரத்தில் திரும்புகிறது என்பது தெரிந்தால் சுவர் உயரம் கிடைக்கும். சுவர் கிடைத்தால் தண்டவாளம், தண்டவாளம் கிடைத்தால் கூரை. இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் எல்லோரும் எங்கேயோ ஓரிடத்தில் இரும்பை அறுத்து மறுபடி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். நானும் வைத்தேன்.

கீழே வரும் அளவுகள் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் நிற்கும் அறைக்கானவை: உள்ளளவு 3 மீட்டருக்கு 3 மீட்டர், 8 அங்குலத் தொலைநோக்கி, ஈக்குவடோரியல் மவுண்ட் (வானம் சுழலும் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி). அட்சரேகை வடக்கு 10.7 டிகிரி. உங்கள் ஊர், உங்கள் கருவிக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தொலைநோக்கியும் மவுண்டும் வாங்கியாகி இருக்க வேண்டும். "அடுத்த வருஷம் பெரிதாக வாங்கப்போகிறேன்" என்றால் அடுத்த வருஷமே கட்டுங்கள். இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல், ஒரு தூக்குக்குண்டு, நீண்ட டேப் போதும்.

பட்டறைக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது, சீட் கூரை போடுபவரைவிட ஸ்லைடிங் கேட் செய்து பழகியவரைத் தேடுங்கள். நமக்கு வேண்டியது படுக்கப்போட்ட ஒரு கேட். உருளும் பொருளுக்கு எவ்வளவு நேர்த்தி வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

1. கயிறு கட்டி மூன்று இரவு உட்காருங்கள்

நினைத்த இடத்தில் முக்காலியை நிறுத்துங்கள். அறையின் நான்கு மூலையிலும் கம்பு நட்டு, சுவர் வரப்போகும் உயரத்தில் கயிறு கட்டுங்கள். மூன்று இரவாவது அதற்குள் உட்கார்ந்து பாருங்கள். எந்தத் தெருவிளக்கு கண்ணில் அடிக்கிறது, எந்தத் திசையில் மரம் மறைக்கிறது என்பது பகலில் தெரியாது.

நம் ஊரில் தெற்கு வானம் ஒரு சொத்து. பொள்ளாச்சியிலிருந்து ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உச்சிகடக்கும்போது 32 டிகிரி உயரத்தில் நிற்கும். அகத்திய நட்சத்திரம் சுமார் 27 டிகிரி. தென்சிலுவையின் அடி நட்சத்திரம் 16 டிகிரி. ஐரோப்பாவில் இருப்பவர்கள் இவற்றைப் பார்க்க விமானம் ஏறுகிறார்கள். தெற்கே வீட்டை வைத்துக்கொண்டு, அந்தச் சுவர் ஓரமாக அறையைக் கட்டுவது என்பது இவை எல்லாவற்றையும் சுவருக்குக் கொடுத்துவிடுவது.

தென்னைமரத்தைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். அது மறைப்பதைவிட, மட்டையும் காயும் விழும் தூரம்தான் முக்கியம். கூரை மூடியிருக்கும் இடம், திறந்து நிற்கும் இடம் இரண்டுக்கும் மேலே மட்டை தொங்கக் கூடாது. முதல் இடத்தை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள், இரண்டாவதை மறக்கிறார்கள்.

2. கூரை எந்தப் பக்கம் போகும்

ஆங்கில வழிகாட்டிகள் பலவும் கூரையை வடக்கே தள்ளச் சொல்லும். அங்கே துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் இருப்பதால் வடக்கே நிற்கும் கூரை அதை மறைக்காது. துருவ நட்சத்திரத்தின் உயரம் என்பது கிட்டத்தட்ட உங்கள் அட்சரேகையேதான். தமிழ்நாட்டில் அது 8 முதல் 13.5 டிகிரிக்குள். வடக்கே நிற்கும் கூரையின் முகடு அறையிலிருந்து பார்க்க 20 டிகிரிக்கு மேல் எழும்பி நிற்கும். மவுண்டைத் துருவத்துக்கு நேர்ப்படுத்த வேண்டிய நட்சத்திரம் தகரத்துக்குப் பின்னால் போய்விடும்.

தெற்கே தள்ளவும் மனசு வராது. ஆக, கிழக்கு அல்லது மேற்கு. எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும். மேற்கே நிற்கும் கூரை அந்தக் காற்றுக்குத் தட்டியாகிறது. மறைவதும் அஸ்தமிக்கும் பொருட்கள்தான். அவற்றைச் சில மணி நேரம் முன்பே உயரத்தில் பிடித்திருக்கலாம். மாலை நேர வெள்ளி, புதன், பிறைநிலா பிடிப்பவர் என்றால் கிழக்கே தள்ளுங்கள். பக்கத்து வீட்டு விளக்கு ஏதாவது ஒரு திசையில் தொல்லை கொடுத்தால், கூரையை அந்தத் திசையில் நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

கீழே உள்ளதெல்லாம் மேற்கே தள்ளும் கூரைக்கு. அதாவது தண்டவாளங்கள் வடக்குச் சுவரிலும் தெற்குச் சுவரிலும் ஓடி, மேற்கே இன்னொரு அறை நீளத்துக்கு வெளியே தூண்கள்மேல் நீளும்.

3. தொலைநோக்கித் தூண்

முதலில் கான்கிரீட் பார்க்க வேண்டியது கூரைக்கான தூண்களல்ல, இந்த ஒற்றைத் தூண். ஒரு மீட்டர் சதுரத்தில், ஒரு மீட்டர் ஆழத்தில் அடித்தளம். அதன்மேல் 30 செ.மீ. விட்டத்தில் கம்பி கட்டிய கான்கிரீட். செம்மண்ணுக்கு இது தாராளம். கரிசல் என்றால் அதைத் தாண்டிக் கெட்டியான மண் வரை போயாக வேண்டும். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நிற்கும் தூண் ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் சாயும், நீங்கள் ஒவ்வொரு பருவத்திலும் துருவ நேர்ப்பாட்டை மறுபடி செய்வீர்கள்.

தரைத் தளம் இந்தத் தூணைத் தொடக் கூடாது. தூணைச் சுற்றி 3 செ.மீ. தெர்மாகோல் சுற்றிவிட்டுத் தளம் போடுங்கள், காய்ந்ததும் பிய்த்து எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் ஒரு காலை மாற்றி வைத்தால் வியாழன் கிரகம் துள்ளும். கொத்தனார் நல்ல எண்ணத்தில் அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவார். அன்றைக்குப் பக்கத்திலேயே இருங்கள்.

இனி, நம் அட்சரேகைக்கே உரிய இரண்டு சிக்கல்கள். மவுண்டின் துருவ அச்சு, அதாவது துருவத்தை நோக்கி நிற்கும் சுழல் அச்சு, இங்கே ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். அதனால் எதிர்எடைக் கம்பி (தொலைநோக்கிக்கு ஈடாக மறுபக்கம் எடை மாட்டும் கம்பி) சில நிலைகளில் தூணிலேயே இடிக்கும். கான்கிரீட்டை அரை உயரத்தோடு நிறுத்தி, மேலே 6 அங்குல இரும்புக் குழாய் வைத்தால் இடம் கிடைக்கும். உங்கள் மவுண்ட் இந்த அளவு தாழ்ந்த அட்சரேகைக்கு இறங்குமா என்றும் அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். எல்லா மவுண்டும் இறங்குவதில்லை.

இரண்டாவது, அச்சு படுத்திருப்பதால் தொலைநோக்கி சுழலும் மையம் தூணுக்கு நேர் மேலே இருக்காது, வடக்கே தள்ளி இருக்கும். என் மவுண்டில் 25 செ.மீ. தூணை அறையின் நடுவில் வைத்தால் வடக்குப் பக்கம் குழாய் சுவரை உரசும், தெற்கே இடம் வீணாகும். முக்காலியில் மவுண்டை ஏற்றி உங்கள் அட்சரேகைக்குச் சாய்த்து, இரண்டு அச்சும் சந்திக்கும் இடத்திலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும் முக்காலி மையத்துக்கும் உள்ள தூரம்தான் தூணைத் தெற்கே நகர்த்த வேண்டிய அளவு. ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

மொட்டைமாடியில் கட்டுபவர்களுக்கு ஒரே வார்த்தை: கீழே இருந்து வரும் கட்டடத் தூணுக்கு நேர் மேலே தவிர வேறெங்கும் தொலைநோக்கித் தூணை நிறுத்தாதீர்கள். தளம் நடுவில் அதிரும். கூரையின் காற்றுச் சுமையைக் கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

4. சுவர் உயரம்

சுழல்மையம் தரையிலிருந்து 1.60 மீட்டரில் வரும்படி தூணை வைத்தேன். என் உயரத்துக்கு நின்றபடி பார்க்க அது வசதி. சுவரும் தண்டவாளமும் சேர்ந்து 1.55 மீட்டர்.

இந்த 1.55 எங்கிருந்து வந்தது? மவுண்டுக்குள் இருக்கும் துருவநோக்கி, அதாவது துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நேர்ப்படுத்தும் சின்னக் குழாய், சுழல்மையத்தைவிடத் தாழ்ந்து இருக்கும், சுமார் 1.45 மீட்டரில். அங்கிருந்து வடக்குச் சுவர் 1.6 மீட்டர் தூரம். 10.7 டிகிரியில் ஏறும் பார்வைக்கோடு அந்தத் தூரத்தில் 30 செ.மீ. ஏறி 1.75 மீட்டரில் சுவரைக் கடக்கும். 1.55-க்கு வெட்டினால் 20 செ.மீ. மிச்சம். ஆளுயரச் சுவர், அதாவது 1.80 மீட்டர் என்றால் துருவ நட்சத்திரம் போயிற்று.

ரொம்பவும் தாழ்த்தவும் வேண்டாம். பத்து டிகிரிக்குக் கீழே காற்றின் கலங்கலில் எதுவும் உருப்படியாகத் தெரியாது. சுவர் கொஞ்சம் மறைத்தால் காற்றும் பக்கத்து வெளிச்சமும் குறையும்.

தாழ்ந்த சுவர் என்றால் வாசலும் தாழ்வாகத்தான் வரும். வாசலைத் தண்டவாளம் இல்லாத கிழக்குச் சுவரில் வையுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

5. கூரைச் சட்டம்: தொலைநோக்கியைக் கடந்து போகும் முகப்பு

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

கூரை மேற்கே நகரும்போது அதன் மேற்கு முகப்பு நேரே வெளியே போய்விடுகிறது. கிழக்கு முகப்பு மட்டும் அறை முழுவதையும் கடந்து போகிறது. சாதாரணக் கூரையில் அந்த முகப்பு முக்கோணமாக சுவர்மட்டம் வரை இறங்கி மூடியிருக்கும். தொலைநோக்கியோ சுவருக்கு மேலே நிற்கிறது. முதல் இரவே "டங்" என்று கேட்கும். முகப்புக்கு மட்டுமல்ல, சுவர்மட்டத்தில் குறுக்கே போகும் ஒவ்வொரு கம்பிக்கும் இதுதான் கதை. பட்டறைக்காரர் கூரை விரியாமல் இருக்கக் குறுக்குக் கம்பி போட்டே தீருவேன் என்பார். அவர் சொல்வது கூரைக்குச் சரி, தொலைநோக்கிக்குச் சரியில்லை.

தீர்வு இரண்டு பாகம். குறுக்குக் கம்பிக்குப் பதிலாக, ஒவ்வொரு சட்டத்திலும் சாய்வும் செங்குத்தும் சந்திக்கும் மூலையில் தடித்த முக்கோணத் தகடு வைத்து வெல்டிங். முகட்டிலும் அப்படியே. கிழக்கு முகப்பின் முக்கோணத்தைக் கூரையிலிருந்து பிரித்து, கிழக்குச் சுவரின்மேல் கீல் வைத்து வெளிப்பக்கமாக மடங்கும் பலகையாக்கிவிடுங்கள். கூரையைத் தள்ளும் முன் அதை மடக்க வேண்டும்.

இந்த மடக்குப் பலகையை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். வாசலுக்கு மேலே வரும் பகுதி தனித் துண்டாக இருக்கட்டும். அதைத் திறந்தால் குனியாமல் உள்ளே போகலாம். ஒரே துண்டாகச் செய்த நண்பர் ஒருவர் பலகையை வெளியே மடக்கினார். அது கதவுக்கு முன்னால் தொங்கியது. கதவு வெளிப்பக்கம் திறப்பது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சாய்வு 15 டிகிரி வைத்தேன். நடுவில் அரை மீட்டர் எழும்பும், மழை நிற்காமல் வழியும். முகட்டின் அடிப்பக்கம் சுமார் 2.1 மீட்டரில் வருகிறது. எதிர்எடைக் கம்பியைக் கிடையாக வைத்துக் குழாயையும் கிடையாகப் படுக்கவைத்தால், மேலே மாட்டிய சிறு தேடுநோக்கியோடு சேர்த்து 1.82 மீட்டர்தான். உரசாமல் போக 15 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். கணக்கில் மட்டும் பார்த்தால் போதாது. அந்த நிலையில் தொலைநோக்கியை வைத்து டேப் பிடித்து அளந்துவிட்டு, அதன் பிறகு இரும்பு வெட்டச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு 40×40 சதுரக் குழாய், 2 மி.மீ. தடிப்பு. மீட்டருக்கு சுமார் 2.4 கிலோ. அடிச்சட்டத்துக்கு மட்டும் 50×50. மீட்டருக்கு 3 கிலோ. மேலே வெள்ளை நிறக் கலர்கோட்டட் சீட். சக்கரம், ஓரத் தகடு எல்லாம் சேர்த்து 300 கிலோவுக்குள் நிற்கும். கனமாகச் செய்தால் உறுதி என்று 3 மி.மீ. குழாய்க்குப் போகாதீர்கள். காற்றுக்கு எதிராக எடை உதவாது என்பதை ஏழாம் பகுதியில் பார்க்கலாம்.

6. தண்டவாளமும் சக்கரமும்

கேட்டுக்குப் போடுவது போலவே: எல் ஆங்கிளை (எல் வடிவ இரும்பை) கவிழ்த்து வைத்து, அதன்மேல் வி-பள்ளம் உள்ள 4 அங்குல பேரிங் சக்கரம். ஒரு பக்கத்துக்கு மூன்று.

ஆனால் இரண்டு பக்கமும் வி-சக்கரம் போடாதீர்கள். ஒரு கேட்டுக்கு ஒரே தண்டவாளம், அதனால் பிரச்சினை வராது. நமக்கு 3.23 மீட்டர் இடைவெளியில் இரண்டு தண்டவாளம். அந்த இடைவெளி 7 மீட்டர் நீளத்துக்கும் மி.மீ. பிசகாமல் வருவது பட்டறையில் நடக்காது. வெயிலில் கூரைச் சட்டம் நீள்வதே ஒரு மி.மீ. இருக்கும். இரண்டு பக்கமும் வழிகாட்டும் சக்கரம் இருந்தால் இவை சண்டை போட்டுக்கொள்ளும், கூரை பாதியில் இறுகும். தெற்குத் தண்டவாளத்தில் வி-சக்கரம், அது திசையைப் பிடித்துக்கொள்ளட்டும். வடக்கில் தட்டையான பட்டையின்மேல் தட்டைச் சக்கரம், அது எடையை மட்டும் சுமக்கட்டும். பக்கவாட்டில் ஒரு செ.மீ. விளையாட இடம் விடுங்கள்.

நீளம்: சுவரின் வெளியளவு 3.46 மீட்டர், அதே அளவு வெளியே, கொஞ்சம் கூடுதல் என்று 7 மீட்டர். இரும்பு 6 மீட்டர் நீளத்தில்தான் வரும், அதனால் இணைப்பு தவிர்க்க முடியாதது. அந்த இணைப்பு அந்தரத்தில் வரக் கூடாது, ஒரு தூணின் தலைமேல் வர வேண்டும். அடியில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு விட்டத்தின் இணைப்பும் மேலே ஆங்கிளின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் பாருங்கள். இணைப்பை கிரைண்டர் வைத்து விரல் நகத்துக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்த்துவிட வேண்டும்.

ஆங்கிளை விட்டத்தின்மேல் ஒரே மூச்சில் வெல்டிங் வைத்தால் சூட்டில் வில்லாக வளையும். அங்கங்கே புள்ளி வைத்து, முனை மாற்றி மாற்றி, ஆறவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

நிரந்தரமாக வெல்டிங் வைக்கும் முன் இரண்டு சோதனை. டியூப் லெவலில் இரண்டு தண்டவாளமும் எல்லா இடத்திலும் ஒரே மட்டமா? நான்கு முனைக்கும் குறுக்கே அளந்தால் இரண்டு மூலைவிட்டமும் சமமா? என் அளவுக்கு இரண்டும் 7 மீட்டர் 71 செ.மீ. வர வேண்டும். மூலைவிட்டம் ஒத்துவராத சட்டத்தில் எவ்வளவு நல்ல சக்கரம் போட்டும் பயனில்லை.

7. காற்று: கூரையைக் கீழே பிடித்து வையுங்கள்

முந்நூறு கிலோ எங்கே பறக்கப் போகிறது என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதியில் கோவைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. காற்றழுத்தம் என்பது 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 39-க்கு சதுர மீட்டருக்கு 913 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 93 கிலோ. சென்னைக் கணக்கில் 153 கிலோ.

ஓரம் நீட்டியதோடு சேர்த்து என் கூரை 13.7 சதுர மீட்டர். அழுத்தம் முழுவதும் மேல்நோக்கி இழுப்பதாக வைத்தால் 1,270 கிலோ. கூரையின் எடையைப் போல நான்கு மடங்கு. கூடுதலாக 50 கிலோ இரும்பு சேர்ப்பதில் என்ன ஆகிவிடப்போகிறது?

இரண்டு வகைப் பிடிமானம் வேண்டும். ஒன்று எப்போதும் இருப்பது: கூரையின் அடிச்சட்டத்திலிருந்து இறங்கி, தண்டவாள விட்டத்தின் அடியில் வளைந்து நிற்கும் கொக்கித் தகடு, ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று. கூரை நகரும்போதும் இது கூடவே வரும், தண்டவாளத்தை விட்டு எழும்ப விடாது. மற்றொன்று பூட்டு: நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கொக்கி. மூடிய நிலையில் நான்கு, திறந்த நிலையிலும் நான்கு. திறந்து நிற்கும்போது பூட்டாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. கோடை மழைக்கு முன் வரும் காற்று அறிவித்துவிட்டு வராது.

பிடித்த பிடி எங்கே போய்ச் சேர்கிறது என்றும் பாருங்கள். தண்டவாளத்தை வெறும் செங்கல்லில் துளைபோட்டு முடுக்கினால் செங்கல்லோடு வரும். சுவர் தலையில் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் போட்டு, போல்ட்டை அதற்குள் வார்த்துவிடுங்கள். மூலைக் கம்பிகள் அஸ்திவாரம் வரை இறங்க வேண்டும். வெளித் தூண்களுக்குக் குறுக்கு முட்டு அவசியம். தண்டவாளத்தின் இரு முனையிலும் சக்கர உயரத்துக்குத் தடுப்பு, அதன் முகத்தில் ரப்பர். இந்தத் தடுப்பு இல்லாமல் "நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு நாள்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

8. மழை, எறும்பு, குளவி

கூரை நகர வேண்டும் என்பதால் சுவருக்கும் கூரைக்கும் இடையே 10 செ.மீ. இடைவெளி இருந்தே தீரும். அதை அடைக்கப் பார்க்காதீர்கள், மறையுங்கள். கூரை ஓரத்திலிருந்து 15 செ.மீ. தகடு சுவருக்கு வெளியே தொங்கட்டும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் உள்ளே ஏறாது. கிழக்குப் பக்கம் மட்டும் தகடு இறங்க முடியாது, கூரை மேற்கே நகரும்போது அது சுவரில் இடிக்கும்.

சதுரக் குழாய்களின் வாயை எல்லாம் மூடுங்கள். திறந்த குழாய் என்றால் குளவிக்கு வாடகையில்லா வீடு. மின்கம்பி வரும் பி.வி.சி. குழாயில் எறும்பு வரிசை கட்டும். கம்பி இழுத்த பிறகு வாயில் பஞ்சு திணியுங்கள். அந்தக் குழாய்களைத் தளம் போடும் முன்பே புதைத்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்துக்கு ஒன்று, தகவல் கம்பிக்கு ஒன்று.

எதிரெதிர்ச் சுவரில் வலை அடித்த காற்றுத்துளை வையுங்கள். மே மாத மதியம் தகரத்துக்குக் கீழே வெந்துபோகும், நவம்பரில் ஈரம் தேங்கி லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பருவமழை மாதங்களில் கண்ணருகு வில்லைகளை வீட்டுக்குள் எடுத்துவிடுவது எல்லா உபாயத்தையும்விட நல்லது.

9. மோட்டார் பற்றி

முதல் ஒரு வருஷம் வேண்டாம். 300 கிலோக் கூரை சரியாக உருண்டால் 10, 15 கிலோ தள்ளில் நகரும். பள்ளிப் பிள்ளை தள்ளிவிடும். தள்ளக் கடினமாக இருக்கிறது என்று மோட்டார் மாட்டுகிறவர்கள், கோணலான தண்டவாளத்தை மோட்டாரால் மறைக்கிறார்கள். அது ஒருநாள் பல்சக்கரத்தைத் தின்னும்.

பிறகு மாட்டுவதானால் ஸ்லைடிங் கேட் மோட்டாரே போதும். கையால் விடுவிக்கும் சாவி இருக்க வேண்டும். மழை வரும்போதுதான் மின்சாரம் போகும். தொலைநோக்கி படுத்திருந்தால் மட்டுமே மோட்டார் ஓடும்படி ஒரு சுவிட்சும் சேருங்கள்.

10. சீட் போடும் முன்

இரும்புச் சட்டம் மட்டும் சக்கரத்தில் ஏறி நிற்கும் நாளில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பெயின்டும் அடிக்க வேண்டாம். சீட்டின் எடைக்கு ஈடாக, சுமார் 70 கிலோ, மணல் மூட்டைகளைச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தொலைநோக்கியைத் தூணில் ஏற்றிப் படுக்கவையுங்கள். ஒரு ஆள் தள்ள, இன்னொரு ஆள் கிழக்குச் சட்டத்தின்மேல் கண் வைத்துக்கொண்டு கூடவே நடக்க வேண்டும். இருபது தடவை திறந்து மூடுங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே தண்டவாளத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எங்களுக்கு நான்கு கோடு விழுந்தது. மூன்று கிரைண்டரில் போயிற்று, நான்காவதுக்கு ஒரு தூணை 6 மி.மீ. உயர்த்தித் தகடு கொடுக்க வேண்டியிருந்தது. சீட் ஏறிய பிறகு அந்தத் தகட்டை அடியில் நுழைக்க முடிந்திருக்காது.